பதினோரு மணிக்கு லயத்தில் யார் இருப்பா?

எங்கள் சபையிலிருந்து ஒன்பது பேர் இலங்கைக்கு ஊழியப் பயணம் போய்வந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. போன கதையை ஆலயத்தில் சாட்சியாகச் சொல்லி, புரொஜெக்டரில் படம் போட்டுக் காட்டி, எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லி முடித்தாயிற்று. என் மனசில் இன்னும் செரிக்காமல் கிடப்பது போவதற்கு முன்னால் நடந்த நாலு மாச ஆயத்தம்தான். அந்த நாலு மாசமும் கணக்கு எழுதியவன், விசாப் படிவம் நிரப்பியவன், டிக்கெட் போட்டவன், நிகழ்ச்சி நிரலை எக்செலில் கட்டம் கட்டமாக அடித்தவன் எல்லாம் நான்தான். கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் லெட்ஜர் பார்த்தவனைச் சபையில் வேறு எதற்கு வைத்திருப்பார்கள்?

தொடக்கம் 2023 அறுப்பின் பண்டிகை, காணிக்கையாக வந்த பொருள்களை ஆலயத்தில் ஏலம் விடும் நாள். எங்கள் பக்கத்து ஏலம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே சேவலை நாலு பேர் ஏலம் எடுத்து நாலு பேருமே ஆலயத்துக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த வருஷம் துபாயிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஒருவர் உற்சாகத்தில் ஒரு வாழைத்தார் ஆறாயிரத்துக்குப் போனது. ஏலப் பணத்தில் ஒரு பங்கை வெளிநாட்டு ஊழியத்துக்கு ஒதுக்கலாம் என்று ஐயர் (எங்கள் சபைக் குருவானவர்) அறிவித்தபோது எந்த வெளிநாடு என்று யாருக்கும் யோசனை இல்லை. பக்கத்துச் சேகரத்தார் நேபாளம் போய்வந்திருந்தார்கள், அதனால் நேபாளம் வேண்டாம். ஒருத்தர் கம்போடியா என்றார். கடைசியில் பாஷைத் தொல்லை இல்லை, மதுரையிலிருந்து நேராக விமானம், செலவும் கட்டுப்படியாகும் என்று இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகம் முடிவாயிற்று. அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சபையில் இருக்கும் போதகரும் எங்கள் ஐயரும் ஒன்றாக இறையியல் படித்தவர்கள். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம்.

முதல் ஆயத்தக் கூட்டத்தில் ஐயர் உருக்கமாகப் பேசினார். மலையகத்துக்கும் நமக்கும் உள்ள தொடர்பு நேற்றைக்கு வந்ததில்லை, 1854-இல் கண்டிச்சீமை என்று அன்றைக்குச் சொன்ன மலையகத் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் என்று ஆரம்பித்தபோது அங்கே போன உபதேசியார்கள் திருநெல்வேலிக்காரர்கள் என்றார். 1902-இல், பின்னாளில் பேராயரான வெள்ளாளன்விளை அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடல் தாண்டி இந்தியக் கரைக்கு ஊழியக்காரர்களை அனுப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பினார். மறுவருஷம் பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இதெல்லாம் ஞாயிறு பள்ளியிலிருந்து நாங்கள் கேட்டு வளர்ந்த கதை. ஆனாலும் டியூப்லைட் வெளிச்சத்தில், பாரிஷ் ஹாலின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பையில் புதுப் பாஸ்போர்ட்டோடு கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. நாமும் அந்த வரிசையில் வருகிறோம் என்று ஒரு மிதப்பு. அந்த மிதப்பு எனக்கும் இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வியாபார விசா

முதல் இடறல் விசாவில். இலங்கைக்கு ஆன்லைனில் இ.டி.ஏ. என்னும் பயண அனுமதிக்கு மனு போட வேண்டியிருந்தது. வருகையின் நோக்கம் என்ன என்று கேட்கும். அந்த மாதங்களில் இந்தியர்களுக்குச் சுற்றுலா என்றால் கட்டணமே இல்லை. மத நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வது எந்தப் பிரிவில் வருகிறது என்று தேடினேன். அது சுற்றுலாவில் இல்லை, வியாபாரப் பிரிவில் இருந்தது. வியாபாரப் பேச்சுவார்த்தை, கருத்தரங்கு, நாட்டிய நிகழ்ச்சி இவற்றோடு ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஆலயத்தில் புறா விற்றவர்களின் ஆசனங்களை ஆண்டவர் கவிழ்த்த அதிகாரம் எனக்கு ஞாபகம் வந்தது. கமிட்டியில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

"சும்மா டூரிஸ்ட்னு போடுங்க அண்ணாச்சி. எல்லா டீமும் அப்படித்தான் போறாங்க" என்றான் வாலிபர் ஐக்கியச் செயலாளர். இன்னொருவர் வக்கீல் மாதிரி ஒரு பாயிண்ட் எடுத்துக் கொடுத்தார். கடைசி நாள் எல்ல என்ற சுற்றுலா ஊருக்குப் போகிறோம், ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று போட்டோ எடுக்கப் போகிறோம், அப்போது நாம் டூரிஸ்ட்தானே? மூத்தவர் ஒருவர், உண்மையைச் சொல்லி விசா கிடைக்காமல் போனால் ஆத்துமாக்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். ஆத்துமா என்ற சொல் வந்துவிட்டால் எங்கள் கமிட்டியில் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு, ஒன்பது பேருக்கும் பணம் கட்டி வியாபாரம் என்றே போட்டேன். நேர்மையால் செய்தேன் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். ஒரு கீபோர்டையும் நானூறு கைப்பிரதியையும் வைத்துக்கொண்டு விமான நிலைய கவுண்டரில் பொய் சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது, அவ்வளவுதான்.

அதன்பிறகு வாரா வாரம் சனிக்கிழமை ராத்திரி ஒத்திகை. மூன்று பாட்டு, பொம்மலாட்டம் ஒன்று, பத்து நிமிஷ நாடகம் ஒன்று. பிள்ளைகளுக்குக் கொடுக்க கலர் பென்சில், பெண்களுக்குப் போர்வை. போர்வை எத்தனை என்பதில் மட்டும் இரண்டு கூட்டம் போனது. ஒவ்வொன்றையும் அப்புத்தளைப் போதகருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி "இது சரியா ஐயா?" என்று கேட்பேன். "நல்லது, வாங்க" என்று குரல் பதிவு வரும். செவ்வாய்க்கிழமை வைத்துக்கொள்ளலாமா? நல்லது. புதன் வைத்துக்கொள்ளலாமா? நல்லது. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. எதற்கும் மறுப்புச் சொல்லாத ஆள் கிடைத்தால் திட்டம் போடுகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

பின் பெஞ்சு

டிசம்பர் முதல் சனிக்கிழமை என்று நினைக்கிறேன், கிறிஸ்துமஸ் பாட்டுப் பவனி ஆரம்பித்திருந்தது. நாடக ஒத்திகை. கதை இதுதான்: தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவன் குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கிறான், பிறகு மனம் திரும்புகிறான். ஒரு தம்பி லுங்கியை மடித்துக் கட்டி, தள்ளாடி வந்து, "என்ன கதைக்கிறீர்? நான் குடிக்கேல்ல" என்று இழுத்து இழுத்துப் பேசினான். எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு. பின் பெஞ்சிலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது, ஆனால் கொஞ்சம் பிந்தி, நாங்கள் சிரித்து முடித்த பிறகு.

கண்டிப் பாட்டி. பேத்தி பாட்டுக் குழுவில் இருப்பதால் அவளை ராத்திரி வீட்டுக்குக் கூட்டிப் போக வந்து உட்கார்ந்திருப்பார். எழுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். பகலெல்லாம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவார், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலையில் ஆலயத்தின் கடைசி வரிசையில் இருப்பார். ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று யார் யோசிக்கிறார்கள்? நானும் நாற்பது வருஷமாக அவரைக் கண்டிப் பாட்டி, அதற்கு முன் கண்டி அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். செப்டம்பரிலிருந்து வாரா வாரம் "மலையக மக்களுக்காக" என்று ஜெபித்திருக்கிறோம், அவரும் பின் பெஞ்சிலிருந்து ஆமென் சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஏன் பாட்டி சிரிக்கீங்க?" என்று கேட்டேன்.

"அந்தத் தம்பி யாழ்ப்பாணத்து ஆளு மாதிரி பேசுது. எங்க தோட்டத்துல யாரும் அப்படிப் பேச மாட்டாங்க. நாங்க உங்களாட்டம்தான் பேசுவோம்."

தம்பி லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டான். யாரோ சமாளிக்க நினைத்து, அண்ணாச்சி நிகழ்ச்சி நிரலை ஒருதடவை திரையில் போடுங்க என்றார்கள். போட்டேன். பாட்டிக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது, பேத்தி வாசித்துக் காட்டினாள். செவ்வாய், காலை 11 மணி முதல் 12.30 வரை, லயம் வீடுகள் சந்திப்பு. லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்.

"பதினோரு மணிக்கு லயத்துல யாரு இருப்பா?" என்றார் பாட்டி. கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார். "நோயாளி இருப்பாங்க, கெழடுங்க இருப்பாங்க. மத்தவங்க மலையில நிப்பாங்கல்ல?"

அதன்பிறகு அவர் சொன்னதை நான் நிரலின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொண்டேன். தாள் இப்போதும் இருக்கிறது. விடியற்காலையில் எழும்பி ரொட்டி சுட வேண்டும். கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில், அதாவது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையில், விட்டுவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். பிந்திப் போனால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, முதுகில் கூடை, கூடைக் கயிறு நெற்றியிலோ உச்சந்தலையிலோ. மத்தியானம் கொழுந்தை எடை போட்டு, அவசரமாய்ச் சாப்பிட்டு, மறுபடி மலை ஏறி, சாயங்காலம் மறுபடி நிறுக்க வேண்டும். சொன்ன றாத்தல் எடை வந்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் சம்பளம்.

"பேர்னா?" என்று கேட்டான் வாலிபர் செயலாளர்.

"ஒரு நாள் வேலை. இந்த மாசம் எத்தன பேருன்னுதான் கேப்பாங்க. இருபது பேரு, இருவத்திரெண்டு பேருன்னு."

நான் லெட்ஜர்க்காரன், எனக்கு அது சட்டென்று பிடித்துக்கொண்டது. எங்கள் திட்டப்படி ஒரு பெண் பதினோரு மணிக்கு வீட்டில் இருந்து எங்கள் ஜெபத்தில் கலந்துகொள்ள வேண்டுமென்றால் அவளுடைய அன்றையப் பேர் போகும், கிடைத்தால் அரைப்பேர். அவள் எங்களுக்காக ஒரு நாள் கூலியை விட வேண்டும். நாங்கள் அதற்கு ஒரு போர்வை கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருவோம்.

பாட்டி அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஆராதனை முடிந்து நானாகப் போய்க் கேட்டபோதுதான் மற்றது வந்தது. 1964-இல் இரு நாட்டு அரசுகளும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் அவருடைய குடும்பமும் ஒன்று. 1974-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் தாத்தாவின் ஊர் என்று யாரோ சொன்ன எங்கள் ஊர். வரும்போது பத்தொன்பது வயசு, அதற்குள் மூன்று வருஷம் பேர் பதிந்து கொழுந்து பறித்திருந்தார். "எங்க ஆயி இந்த ஊரப் பத்தி கதை கதையாச் சொல்லும். வந்து பார்த்தா ஒருத்தருக்கும் எங்களத் தெரியல" என்று சொல்லிவிட்டு, இதெல்லாம் எதற்கு இப்போது என்பதுபோல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நீங்களும் எங்களோடு வாங்க பாட்டி என்றேன். அவரிடம் இருந்த பாஸ்போர்ட் அந்தக் கப்பலுக்காக எடுத்தது. புதுசு எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் எங்கே, இன்னொன்று எங்கே என்று பார்த்தால் ஜனவரிக்குள் நடக்காது என்று எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். "முட்டி வலி தம்பி, அந்தக் குளிருக்கு ஆகாது" என்று எனக்காக ஒரு காரணம் சொன்னார்.

ஒன்று மட்டும் கேட்டேன். அந்தப் போதகர் ஏன் எல்லாவற்றுக்கும் நல்லது, நல்லது என்கிறார்? பதினோரு மணிக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

"வர்றேன்னு சொல்றவங்கள எப்படி வேணாம்னு சொல்றது?" என்றார் பாட்டி.

ஒரு மாசம்

அன்று ராத்திரி போதகருக்குப் போன் போட்டேன், குரல் பதிவு இல்லாமல் நேராக. முதல் ஐந்து நிமிஷம் மரியாதைப் பேச்சு. ஐயா, எங்கள் சபையில் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மா இருக்கிறார், அவர் இப்படிச் சொல்கிறார் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தார். அதற்கப்புறம் பேசிய ஆள் வேறு ஆள்.

முந்தைய வருஷம் மட்டும் மூன்று குழு வந்ததாம். இரண்டு குழு ஒரே பொம்மலாட்டத்தைப் போட்டார்களாம். பிள்ளைகள் இரண்டாவது தடவை பொம்மைக்கு முன்னால் வசனத்தைச் சொல்லிவிட்டார்களாம். ஒவ்வொரு குழு வரும்போதும் தோட்ட நிர்வாகத்திடம் போய் நின்று அனுமதி கேட்பது அவர். குழு போன பிறகு, வந்தவர்கள் யார் என்ன என்று விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்வதும் அவர். குடிகார நாடகம் வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னார். "குடிக்கிறவன் இருக்கான், இல்லைங்கல. ஆனா வர்ற எல்லாரும் அதையே போட்டா, நாம எல்லாம் குடிகாரங்கன்னு பிள்ளைகளே நினைச்சிரும்."

சரி ஐயா, உங்களுக்கு என்னதான் வேண்டும், மனசுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். செப்டம்பரிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"ஒன்பது பேர் ஆறு நாளைக்கு வர்றதுக்குப் பதிலா, ஒருத்தர் ஒரு மாசம் வந்து இருக்க முடியுமா? கணக்குச் சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சவரா இருந்தா நல்லது. சாயங்காலம் அஞ்சரைக்கு மேல பிள்ளைகளோட உக்காந்தா போதும். பிரசங்கமெல்லாம் வேணாம். லயத்துலயே ஒரு காம்பரா ஒழிச்சுத் தர்றேன்."

இதைக் கமிட்டியில் சொன்ன நாள்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்த நாள். சொல்லி முடித்ததும் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் ஒன்பது பேரில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர் ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம், லீவு கிடையாது. நர்ஸ் அக்காவுக்கு மாமியார் படுக்கையில். வாலிபர்களுக்கு வேலை. அப்புறம் எல்லோருடைய பார்வையும் என் பக்கம் திரும்பியது. ரிட்டயர் ஆனவன், கணக்குத் தெரிந்தவன், பிள்ளைகள் வெளியூரில். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்றேன். உண்மைதான், இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை பெங்களூரில் மகன் வீட்டில் ஒன்றரை மாசம் தங்கும்போது அது என்னைத் தடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்து தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். பயணத்துக்கு மொத்தம் ஒதுக்கியிருந்தது 3,15,000 ரூபாய். இலங்கைப் பணத்தில் சுமார் பன்னிரண்டு லட்சம். அப்போது தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய் (செப்டம்பர் 2024-இல்தான் 1,350 ஆனது). ஆக எங்கள் பயணத்தின் செலவு 1,200 பேர். பேனாவால் அதை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாசத்துக்கு இருபது பேர் என்றால் ஒரு பெண் ஐந்து வருஷம் மலை ஏற வேண்டும்.

இந்தக் கணக்கைக் காட்டினால் எதையும் அடித்துவிடலாம் என்பதும் தெரியும். மகன் கல்யாணத்தில் பந்திக்கு மட்டும் இதைவிட அதிகம் செலவழித்தேன், அன்றைக்கு நான் பேர் கணக்குப் பார்க்கவில்லை. பணமாக அனுப்பிவிடலாமே என்றும் ஒருத்தர் சொன்னார். பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். அதைப் போதகரிடம் சொன்னபோது அவர் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. "பணம் வரும் ஐயா. ஆளும் வந்தாத்தான் நல்லது" என்றார். 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா நின்று, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டதைக் கட்டுரைப் போட்டியில் எழுதிப் பரிசு வாங்கியவன் நான். வெள்ளைக்காரரைப் பார்த்து நாம் கேட்ட கேள்வி என்றுதான் அதை இத்தனை காலம் படித்திருக்கிறேன். அதே கேள்வி அப்புத்தளையிலிருந்து எனக்குப் போனில் வரும் என்று யார் நினைத்தது?

கடைசியில் ஒன்பது பேரும்தான் போனோம். டிக்கெட் போட்டாயிற்று, ஏலப் பணம் சபைக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும், ஐயருக்கும் முகம் இருக்கிறது. ஆனால் நிரலை முழுக்கக் கிழித்துவிட்டுப் புதிதாக அடித்தேன். பகல் முழுக்கக் காலி. எல்லாமே சாயங்காலம் ஐந்தரைக்கு மேல். நாடகம் கிடையாது, பொம்மலாட்டம் கிடையாது. பண்டாரவளையில் போட்டிருந்த ஓட்டல் அறைகளில் பாதியை ரத்து செய்தேன். எல்ல மட்டும் இருந்தது, அதை எடுத்தால் வாலிபர்கள் முகம் வாடிவிடும். கணக்கு வாத்தியார் ஆறு நாளும் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். பின்னக் கணக்கை ரொட்டியைப் பிய்த்து வைத்துச் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னார்கள். ஆறாம் நாள் ஒரு பையன், சார் நாளைக்கு விகிதம்தானே என்று கேட்டானாம். சாட்சி சொல்லும்போது வாத்தியார் அதை மட்டும் விட்டுவிட்டார். எனக்கு விமானத்தில் சொன்னார்.

கிளம்புமுன் பாட்டியிடம் என்ன வாங்கி வர என்று கேட்டிருந்தேன். மலிபன் கிரீம் கிராக்கர் என்றார், வேறு ஒன்றும் வேண்டாம். இரண்டு பாக்கெட் வாங்கி, மறதியில் ஊழியக் கணக்கிலேயே எழுதிவிட்டேன். கமிட்டியில் இது என்ன செலவு என்று கேட்டார்கள், கையிலிருந்து கட்டினேன்.

பிஸ்கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது திண்ணையில் முறத்தோடு இருந்தார். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பால் விடாமல் சாயத்தண்ணி போட்டு எடுத்து வந்தார். எனக்கு ஒரு டம்ளர். பிஸ்கட்டை ஓரம் மட்டும் நனைத்து வாயில் போட்டார்.

"முன்ன இன்னும் பெருசா இருந்துச்சு" என்றார். அப்புறம், "இப்ப எத்தன மணிக்கு மலையிலேர்ந்து எறங்குறாங்க?"

"நாலரை பாட்டி."

"நாங்க அஞ்சு ஆயிரும்." இன்னொன்றை எடுத்தார். "நீங்க எத்தன நாளு இருந்தீங்க?"

"ஆறு நாள்."

தலையை ஆட்டிக்கொண்டு பிஸ்கட்டை நனைத்தார்.